திரும்பி வரக்கூடாத வாடிக்கையாளர்கள்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. பொது நூலகத்தின் மாடியில் சிறுதொழில் தொடங்குவோருக்காக ஓர் அறை திறந்திருக்கிறார்கள், எல்லாம் இலவசம், போய்ப் பார்த்து அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சொன்னார். போனேன், எழுதினேன், அச்சிலும் வந்துவிட்டது. அந்த அரைப் பக்கத்தில் ஒரு சட்டைக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அந்தச் சட்டைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தத் தாயின் கண்களில் நம்பிக்கை..."

(விட்டுவிட்டேன். அவர் கண்ணில் இருந்தது துணித் தூசி. கசக்கிக்கொண்டிருந்தார்.)

இரண்டாவது: "துணி வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெண் குழந்தை என் செருப்பைக் கழற்றினாள்." இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

"ஏய் பொடிசு, விடு. மாமாவோட செருப்பு அது."

"செருப்பு இல்ல. படகு."

"சரி, படகைத் திருப்பிக் குடு. அவர் வீட்டுக்கு நடந்து போகணும்ல?"

பொடிசுக்கு நான்கு வயது. அவள் அம்மாவை அந்த மாடியில் எல்லோரும் பொடிசம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மேசை மேல் அவர் தைத்து முடித்த சட்டை கிடந்தது. என் உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும்.

"பொம்மைக்கா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் அதான் கேட்டாரு. பிள்ளைக்கு சார். குறைமாசத்துல பொறக்குற பிள்ளைக்கு."

அவர் அதைப் பிரித்துக் காட்டினார். தலை வழியாக மாட்டும் வேலையே இல்லை. புத்தகம் போல விரிகிறது. குழந்தைக்கு அடியில் மெல்ல நகர்த்தி, இருபுறமும் மூடி, துணி நாடாவால் முடிச்சுப் போட வேண்டும். பொத்தான் கிடையாது, உலோகம் கிடையாது. தையல் விளிம்புகள் அத்தனையும் வெளிப்பக்கம். கருவிகளின் ஒயர்கள் வெளியே வருவதற்கு விலாவில் ஒரு திறப்பு.

"இவ பெட்டிக்குள்ள இருந்தப்ப வெறும் ஒயர்தான் சார் மேல. பொறந்த பிள்ளைக்கு ஒரு சட்டை போட்டுப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. கடையில இருக்கிறது எல்லாம் அப்ப இவளை முழுங்கியிருக்கும்."

அடிக்குறிப்பு: "பெட்டி" என்றது கண்ணாடிப் பெட்டியை. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்க மருத்துவமனைகளில் இருப்பது. அவர் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

3

இப்போது ஆலோசகர் வர வேண்டும். அவரை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களை நூலகம் வரவழைத்து, புதிதாகத் தொடங்குகிறவர்களோடு உட்கார வைக்கிறது. கேட்பவருக்குக் கட்டணமில்லை, சொல்பவருக்குச் சம்பளமில்லை. பொடிசம்மாவுக்கு வாய்த்தவர் துணிப்பைகளில் அச்சடித்து விற்பவர். பைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பொடிசம்மாவைவிட இளையவர். கைக்குழந்தையை நீட்டினால் ஓடிவிடும் ரகம். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். ஏன்? முதல் வரைவில் அவருக்கு ஒரு காரணம் தயாரித்தேன்: "தன் தாய் பட்ட பாட்டைச் சிறுவயதில் கண்ட அவர்..."

(அடித்துவிட்டேன். அவரையே கேட்டபோது வந்த பதில்: "வீட்ல இருந்தா ஒட்டடை அடிக்கச் சொல்வாங்க சார். இங்க ஏசி இருக்கு.")

அவர்கள் இருவரும் பேசியதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, ஒரு தடவை வாங்கினவங்க மறுபடி வரணும். வியாபாரத்துல அதான் முதல் பாடம்."

"என்கிட்ட வாங்குறவங்க மறுபடி வரவே கூடாது தம்பி."

"என்னக்கா, கடையைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே இழுத்து மூடுறீங்க?"

"பிள்ளை வளரணும். வளர்ந்துட்டா இந்தச் சட்டை வேணாம். அடுத்த பிள்ளையும் குறைமாசத்துலயே பொறக்கட்டும்னு நான் வேண்டிக்கவா முடியும்?"

பைக்காரர் பேனாவை மூடினார். திறந்தார். அருகிலிருந்த டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்துக்கொண்டே யோசித்தார்.

"அப்போ உங்க வாடிக்கையாளர் பிள்ளை இல்லக்கா, ஆஸ்பத்திரி வார்டு. பிள்ளைங்க வளர்ந்து போயிட்டே இருப்பாங்க. வார்டு அங்கயேதான் இருக்கும். துவைச்சுத் துவைச்சு அடுத்த பிள்ளைக்குப் போடுவாங்க, கிழிஞ்சா உங்ககிட்டதான் வருவாங்க."

"அது என் டீ தம்பி."

"தெரியும்க்கா. பாதிதான் குடிச்சேன்."

"ஊர்ல இருக்கிறது ஒரே ஒரு வார்டு. அவங்க வேணாம்னுட்டா?"

பைக்காரர் பொய் சொல்லவில்லை. "வேணாம்னா இந்தத் தொழில் இல்லக்கா. வேற ஏதாவது தைக்கணும்."

பொடிசம்மா மேசையிலிருந்த சட்டையை நீவிவிட்டார். வேறு எதையும் தைக்க அவர் இந்த மாடிக்கு ஏறி வரவில்லை.

4

கதையை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இலவசம் என்ற சொல்லை நான் பலமுறை மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதியிருக்கிறேன். இலவசம் என்றால் அதற்குப் பின்னால் யாருடைய கை நீண்டிருக்கிறது என்று தேடுவது எங்கள் தொழில். இந்த அறையிலும் தேடினேன். நூலக அட்டையைக் காட்டினால் இரவல் கிடைக்கும் தையல் இயந்திரங்கள், அளவு வரைபடம் அச்சடித்துக்கொள்ள ஓர் இயந்திரம், விலை வைப்பது எப்படி, கணக்கு வைப்பது எப்படி என்று விளக்கும் கையேடுகள். நடுவில் ஆள் படுத்துத் தூங்கலாம் போலிருந்த அந்த வெட்டும் மேசை. நீண்ட கை எதுவும் தென்படவில்லை.

எங்கோ ஒரு கூட்டத்தில், புத்தகத்தை இரவல் தருகிறோமே, மேசையையும் தரலாமே என்று யாரோ ஒருவர் முதலில் வாய் திறந்திருக்கிறார். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் மறுபடியும் சொல்லியிருப்பார். அவர் யாரென்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. மலைகளையும் மாளிகைகளையும் பார்த்து வாயைப் பிளந்து எழுதும் வழக்கம் எனக்கில்லை. அந்த மேசையை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

5

குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலியரை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில் நின்றபடி, சட்டையை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா தைச்சிருக்க. ஆனா இது யாருக்கும்மா?"

"இங்க இருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் சிஸ்டர். என் பொண்ணு அளவு."

"இவ்வளவு சின்னதா என் வார்டுல ஒரு பிள்ளையும் இருந்ததில்ல."

"இருந்தா சிஸ்டர். இதோ நிக்கிறாளே, இவதான்."

சிஸ்டர் குனிந்து பொடிசின் முகவாயைப் பிடித்துப் பார்த்தார். "அட, நீயா! இவளைத் துடைச்சு விட்டதே நான்தானே. இந்தச் சட்டையைப் போல ரெண்டு மடங்கு இருந்தா. என் விரலைப் புடிச்சான்னா விட மாட்டா, ரௌடி."

"இல்ல சிஸ்டர், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு..."

"நீ கண்ணாடிக்கு வெளிய நின்னு அழுதுட்டு இருந்த. நான் கையில வச்சிருந்தேன்."

(இங்கே நினைவைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். படித்ததெல்லாம் அதில் இருந்தது. நீக்கிவிட்டேன்.)

பொடிசம்மா சட்டையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்தார். மகளின் இரு தோள்களையும் பிடித்தார். கையை எடுத்துச் சட்டையின் மேல் வைத்தார். மறுபடி தோள்களில் வைத்தார். "கூசுதும்மா" என்று பொடிசு நெளிந்தாள்.

நான்கு ஆண்டுகளாக அவர் தன் மகளை, உண்மையில் இருந்ததில் பாதியாகவே மனதில் தூக்கி வந்திருக்கிறார். அந்தப் பாதி அளவு உடம்புக்குத் தோள் இறக்கம், கைக்குழி, கழுத்து எல்லாம் பிசகில்லாமல் வெட்டியிருக்கிறார். உலகில் எந்தக் குழந்தைக்கும் பொருந்தாத அந்தச் சட்டையைவிடக் கச்சிதமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"சரியான அளவை நான் சொல்றேன்," என்றார் சிஸ்டர். "இன்னொண்ணு தைச்சு எடுத்துட்டு வா. ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பாப்போம். ஒரே தடவைதான்மா. உள்ள எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல."

6

மறுபடியும் மாடி. பைக்காரர் தாளைப் பிடித்துக்கொள்ள, பொடிசம்மா சிஸ்டர் சொன்ன அளவில் கோடு போட்டார். போட்டு முடித்ததும் எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"எவ்வளவு பெருசு பாருங்க தம்பி!"

"அக்கா, இது என் கர்ச்சீப்பைவிடச் சின்னது."

"சும்மா இருங்க. பெருசு."

"சரி, பெருசு. வெட்டுங்க."

"இவ்வளவு பெருசாவா இருந்தா?"

வியாபாரத்தில் அதற்குப் பாடம் இல்லை. பைக்காரர் தாள் நகராமல் பிடித்துக்கொண்டார். பொடிசம்மா வெட்டினார்.

7

முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: சட்டையைப் பார்த்ததும் சிஸ்டர் முகம் மலர்ந்து, வார்டுக்கே வேண்டும் என்கிறார். பொடிசம்மா கடை திறக்கிறார். என் ஆசிரியர் இதற்குப் படமும் கேட்பார்.

முடிவு இரண்டு: விதிமுறை இடம் கொடுக்காது என்று சட்டை திரும்பி வருகிறது. என் இலக்கிய நண்பர்கள் இதைத் தேர்ந்தெடுப்பார்கள்; சோகமாக இருந்தால் ஆழமாக இருக்கிறது என்பார்கள்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டிலும் குழந்தைக்கு வேலையே இல்லை.

இன்று காலை நடந்தது இது. வார்டிலேயே கொதிநீரில் அலசி உலர்த்திய புதுச் சட்டையோடு சிஸ்டர் பொடிசம்மாவை உள்ளே கூட்டிப்போனார். பைக்காரரும் பொடிசும் நானும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒரு பெட்டியருகே நாற்காலியில் வேறொரு அம்மா. களைத்த முகம், கலைந்த தலை. பொடிசம்மா சட்டையை விரித்துக் காட்டினார், ஏதோ சொன்னார், பின்னால் நகர்ந்துகொண்டார். தானே போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். போடவில்லை. சிஸ்டர் துணியைக் குழந்தைக்கு அடியில் நகர்த்தினார். மூடியது அந்த அம்மா.

ஒரு பக்கம். அப்புறம் மறு பக்கம். பிறகு கை. அது சட்டைக் கைக்குள் போயிற்று. காணவில்லை. நானும் பைக்காரரும் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தோம். துணியின் விளிம்பில் முதலில் ஒரு நகம் தெரிந்தது. பின் முழுக் கையும் வந்து, விரல்களைப் பிரித்து, காற்றைப் பிடித்துப் பார்த்தது.

"போட்டாச்சா?" என்றார் பைக்காரர், நான் பார்த்துக்கொண்டிருந்ததையே அவரும் பார்த்துக்கொண்டிருந்தும்.

"ஷ்ஷ்," என்றாள் பொடிசு.

அந்த அம்மா சிரிக்கவில்லை, அழவில்லை. தன் குழந்தையின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். கசங்காமலே இருந்ததைத்தான் சரிசெய்தார். எல்லா அம்மாக்களும் செய்வது. பொடிசம்மா அதை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்த சிஸ்டர் தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்குக் காலைல அவிழ்த்துப் பாப்பேன். தோல்ல ஒரு தடம்கூட இருக்கக் கூடாது. இருந்துதுன்னா என்னை மன்னிச்சுக்கம்மா. இல்லன்னா, வார்டுக்கு எத்தனை வேணும்னு பேசலாம்."

8

இதை எழுதி முடிக்கும்போது மாலை. அந்தக் காலை இன்னும் வரவில்லை.

தடம் இல்லை என்று நான் எழுதிவிடலாம்; ஒரு வரிதான். தடம் இருந்தது என்றும் எழுதலாம். அதுவும் ஒரு வரிதான். ஆனால் அந்தத் தோலின் மேல் எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே நீங்களே போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவுக்கு வலப்பக்கம் குழாய் இருக்கிறது, முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இரண்டாவது பெட்டி. நாடாவை இடப்பக்கம் முடிந்திருக்கிறார்கள். ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

மெதுவாக. அவள் தூங்குகிறாள்.