மார்லிஸுக்கு ஒரு குழல்

மார்லிஸின் பெயர் குலுக்கலில் விழுந்ததை என்னிடம் முதலில் சொன்னவன் அவள் கணவன் ராய்ஸ். வளைகொம்புக் காட்டாட்டை வேட்டையாடுவதற்கான உரிமம் அது. மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் ஆயுள் முழுக்க எழுதிப்போட்டும் அது கிடைக்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. மார்லிஸ் இருபத்து மூன்று வருடம் எழுதிப்போட்டாள். கிடைத்ததோ, புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்து, மருந்தேற்றி முடித்து, தலையில் முடி திரும்ப முளைத்துக்கொண்டிருந்த வருடத்தில்.

நான் துப்பாக்கி செய்பவன். ராய்ஸும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஜூன் கடைசியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். வலது தோளில் இனி துப்பாக்கி உதை வாங்க முடியாது என்பதால், அவள் மூன்று மாதமாக இடது தோளில் வைத்துச் சுடப் பழகியிருந்தாள். இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கி உடல் ஒன்று என்னிடம் இருந்தது. பாக்கி இருந்த ஒரே கேள்வி, அதில் எவ்வளவு பருமனான குழலைப் பொருத்துவது என்பதுதான்.

ராய்ஸ் முடிவோடு வந்திருந்தான். கடைசி வரை தடியாகவே ஓடும் கனத்த குழல்தான் வேண்டுமாம். கனம் இருந்தால் துப்பாக்கி ஆடாது, உதையும் குறைவு, அறுநூறு கஜத்திலும் குறி பிசகாது. அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரிதான். மார்லிஸ் சுவரோரம் நின்ற குழல்களில் மிக ஒல்லியான ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைத் தூக்கிட்டு மலை ஏறுறது யாரு?" என்றாள்.

"நான் தூக்கிட்டு வரேன்."

"அப்ப அது உன் துப்பாக்கி. ஆட்டையும் நீயே சுட்டுக்க."

வாயால் பேசித் தீராது என்று தெரிந்தது. என்னிடம் பழைய துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் தடிக் குழல், மற்றதில் ஒல்லி. இரண்டையும் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். தடிக் குழலில் ஐந்நூறு கஜத்தில் ஐந்து குண்டுகளை ஒரு தேநீர்த் தட்டு அகலத்துக்குள் போட்டாள். ஒல்லியில் முதல் மூன்றும் அப்படித்தான் விழுந்தன. அதற்குள் குழல் சூடேறிவிட்டது. நாலாவது ஒரு சாண் மேலே போனது, ஐந்தாவது இன்னும் மேலே.

"பாத்தியா?" என்றான் ராய்ஸ்.

"நாலாவது குண்டு வரைக்கும் ஆடு எனக்காக நின்னுட்டா இருக்கும்?"

பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி இறங்கச் சொன்னேன், ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒரு முறை, வேறு வேறு நாளில். ஒல்லிக் குழலோடு போனவள் திரும்பி வந்து காபி கேட்டாள். தடிக் குழலோடு போன அன்று வண்டியின் பின்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

அன்று மாலை ராய்ஸ் மட்டும் தனியாக வந்தான். லேத்தை நிறுத்தச் சொன்னான்.

"எல்டன், அவ அந்த மலையில ஏறக்கூடாதுடா. கனமான குழலா இருந்தா கீழ பாதையோரத்துல இருந்தே சுட்டுடலாம். பாதி மலையில அவ மயங்கி விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தூரத்திலிருந்து சுடுவதில் அவனுக்கு இருந்த பெருமைதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இதை என்னிடம் சொல்லி என்ன பயன், அவளிடம் சொல் என்றேன். சொன்னான் போலிருக்கிறது. மறுநாள் மார்லிஸ் வண்டியை எங்கள் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு வருஷமா எல்லாரும் என்னைத் தூக்கி வச்சாங்க, படுக்க வச்சாங்க, தள்ளிட்டுப் போனாங்க. இந்த ஒண்ணையாவது நான் நடந்து போய்ச் செய்யணும். ஆனா அவன் பயமும் பொய் இல்ல. நடுவுல ஏதாவது இருக்கா?"

இருந்தது. தோட்டா உட்காரும் குண்டறையை ஒட்டி ஒரு சாண் தூரம் தடியாக இருந்து, அங்கிருந்து வேகமாக மெலியும் குழல். நீளத்தையும் இருபத்திரண்டு அங்குலத்துக்கு வெட்டினேன். உதை குறையட்டும் என்று சின்னத் தோட்டாவாகத் தேர்ந்தோம். இதை வைத்து அறுநூறு கஜத்தில் சுட நினைக்காதே, முந்நூறுக்குள் போய்ச் சேர் என்றேன். கோடை முழுக்க அவள் அந்த மேட்டில் ஏறினாள். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்ததும் காபி கேட்பதையும் விட்டுவிட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவாள்.

செப்டம்பரில் நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொல்லிக் கேட்டேன். ஆறாவது நாள், பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் மூன்று கடாக்கள். தூரம் அறுநூற்றிருபது கஜம். காற்று குறுக்கே பிய்த்துக்கொண்டு அடித்தது. எந்தக் குழலாக இருந்தாலும் அந்தக் காற்றில் சுட்டிருக்கக் கூடாது என்று ராய்ஸே ஒத்துக்கொண்டான். கிட்டே போகலாம் என்று எழுந்தவனுக்கு, கல் சரிந்து முட்டி பிசகிவிட்டது. கீழே விழுந்தவன் அவன்தான்.

மார்லிஸ் அவன் முட்டியில் துணியைச் சுற்றினாள், தண்ணீர்க் குப்பியைப் பக்கத்தில் வைத்தாள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனாள். இரண்டு மணி நேரம் அவன் தொலைநோக்கியில் அவள் தொப்பியைத் தேடிக்கொண்டே கிடந்தானாம். ஒரு முறை தெரியும், பிறகு பாறைக்குப் பின்னால் மறையும். இருநூற்று நாற்பது கஜத்தில் அவள் பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சு அடங்கும் வரை காத்திருந்தாள். ஒரே குண்டு. பெரிய கடா நாலடி நடந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் போய்த் தானும் உட்கார்ந்து நன்றாக அழுததாகச் சொன்னாள். பிறகு கத்தியை எடுத்தாளாம்.

இறைச்சியை இறக்க மூன்று நடை ஆயிற்று. முதல் நடைக்கு ராய்ஸ் தடியூன்றிக் கூடவே இறங்கினான். மிச்ச இரண்டுக்கும் மார்லிஸின் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டான்.

வனவிலங்கு அலுவலகத்தில் கொம்பைப் பதிந்து முத்திரை வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்கள். காகிதத்தில் சுற்றிய தொடைக்கறியை மேசைமேல் வைத்துவிட்டு ராய்ஸ் குழல்களைப் பார்த்தபடி நின்றான்.

"எனக்கும் இவளோடது மாதிரியே ஒண்ணு போட்டுக் குடுடா."

"மொதல்ல முட்டியைக் காட்டு, அப்புறம் துப்பாக்கி," என்றாள் மார்லிஸ். டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தாள். வண்டியை அவள்தான் ஓட்டுவதாக இருந்தது.