முட்டு உருவிய நாள்

சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் கோயில் வாசலில் தோள் மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் ஜெயமேரி வரிசையிலிருந்து விலகி, மதில் ஓரத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எந்திரி. இன்னிக்குமா இப்படி?" என்றாள் பிரிஸ்கில்லா.

"நான் இங்கனயே இருக்கேன். நீ போ."

நாற்பது வருடமாக இதுதான். ஞாயிறு பூசைக்கு ஊரே இந்தக் கோயிலுக்குள் போகும். ஜெயமேரி மட்டும் பஸ் ஏறித் திண்டுக்கல் போவாள். பிரிஸ்கில்லாவின் கல்யாணத்தன்றும் இதே மரத்தடிதான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, உள்ளே மூச்சு முட்டுகிறது என்றாள். மகள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"கொத்தனாரு செத்தாலும் இவ வீம்பு சாகல" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி உள்ளே போனாள். அவள் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னது போல இருந்தது.

அது தூண் இல்லாத கோயில். மூன்றே அங்குலக் கனமுள்ள சிமெண்டுக் கூரை, காற்றில் எழும்பிய துணி போல இரண்டு பக்கம் உயர்ந்து இரண்டு பக்கம் தாழ்ந்து, இரண்டே இடத்தில் தரையைத் தொடும். எண்பத்து நாலில் கட்டியது. வெளியூர் மாணவர்கள் வந்து வரைந்துகொண்டு போவார்கள். கல்வெட்டில் மெட்ராஸ் இன்ஜினீயர் பெயர் இருக்கிறது. கூரையை வார்த்த கொத்தனார், ஜெயமேரியின் புருஷன் சகாயராஜ் பெயர் இல்லை. ஆனால் அவருடைய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அதைத்தான் இப்போது மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரையில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர், மாலையோடு வந்திருந்தார். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"போன நூற்றாண்டின் கடைசியில் நம்ம பக்கம் எழுந்த அருமையான கட்டடங்களில் இது ஒன்று. வார்ப்பைத் தாங்கி நின்ற மர முட்டுகளை உருவுகிற அன்று, கூரை விழுந்துவிடும் என்று ஆட்கள் பயந்தார்கள். சகாயராஜ் ஐயா நட்ட நடுவில் போய் நின்றார். 'இப்ப உருவுங்கள்' என்றார்."

உள்ளே யாரோ விம்மினார்கள்.

"நின்னது நான்டி" என்றாள் ஜெயமேரி.

"என்னம்மா?"

"இடுப்புல நீ. எட்டு மாசக் கைப்புள்ள. கஞ்சி கொண்டு போயிருந்தேன். ஒருத்தனும் முட்டுல கை வைக்க மாட்டேன்னுட்டான். உங்கப்பன் என் தோளப் புடிச்சு நடுவுல கொண்டுபோயி நிப்பாட்டுனாரு. 'எம் பொண்டாட்டி புள்ளயே நிக்குது, இனி என்னலே பயம்'னாரு. முட்டுக்குக் கயிறு கட்டி வெளிய இருந்து இழுத்தாங்க."

"அப்பா எங்க நின்னாரு?"

"கயிறப் புடிச்சுக்கிட்டு வாசல்ல."

பிரிஸ்கில்லா கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏம்மா யார்ட்டயும் சொல்லல?" என்றாள்.

"கூரைதான் விழலையே. விழாத கூரைக்கு யாருகிட்டப் போயி அழ?" ஜெயமேரி கோயில் பக்கம் பார்க்கவில்லை. "உன் தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு, விருந்துல வச்சு மொத தடவ சொன்னாரு, தான் நின்னதா. நான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். எம் முன்னாலயே சொன்னாரு."

குழாய் கரகரத்தது. "பெட்டி மூடப் போறோம். கடைசியா நெத்தியில முத்தி செய்றவங்க வரலாம். மனைவி ஜெயமேரி, மகள் பிரிஸ்கில்லா."

தம்பி ஸ்டீபன்ராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, சாமியாரு காத்துக்கிட்டு நிக்குறாரு. அம்மாவ இழுத்துட்டாவது வா. ஊரு சிரிக்குது."

"பெட்டிய இங்கன கொண்டாரச் சொல்லு" என்றாள் பிரிஸ்கில்லா.

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? அவரு கட்டுன கோயிலு. உள்ள வச்சுத்தான் மூடணும்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நீ போயிட்டு வாடி" என்றாள் ஜெயமேரி மகளிடம். "உனக்கு அப்பன்தான. ஒரு முத்தி பண்ணிட்டு வா."

பிரிஸ்கில்லா வாசல் வரை நடந்தாள். தூண் எதுவும் மறைக்காததால், நட்ட நடுவில் பெட்டி தெரிந்தது. பேராசிரியரோடு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் அண்ணாந்து கூரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றினாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு மரத்தடிக்கே வந்தாள்.

"அப்ப மூடச் சொல்லிரவா?" என்று கேட்டான் ஸ்டீபன்ராஜ். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. சுத்தியல் விழும் சத்தம் குழாய் வழியாக ஊருக்கே கேட்டது. பிரிஸ்கில்லா அம்மாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலைக் கரையில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.