என் அம்மாவின் வளைந்த கை

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு விருந்தே கிடைத்தது. முதலில் ஒரு ராப் பாட்டு. அதை வைத்து ஒரு படத்தில் வில்லனின் தம்பி, அடுத்த படத்தில் நாயகனின் நண்பன், இப்போது நாயகன். லாபிஸ் காளி என்றால் இந்த நாட்டில் தெரியாத தமிழ்ப் பிள்ளை குறைவு. லாபிஸ் எங்கள் ஊர், முழுப்பெயர் காளிதாஸ். அப்பா வீரமுத்து செம்பனை ஆலையில் லோரி ஓட்டினார். அம்மா பெயர் செல்வராணி.

அந்தப் பாட்டு பிறந்தது பெர்மாஸ் ஜெயாவில், ஒரு சலவைக் கடைக்கு மேலே, இசை போடும் நண்பன் ஜெயபாலனின் அறையில். சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் கிடங்கு வேலை, மாலையில் ராப். நான் எழுதிக்கொண்டு போனதையெல்லாம் கேட்டுவிட்டு ஜெயபாலன் உதட்டைப் பிதுக்குவான். கார், காதல், கெத்து எல்லாம் பாடியாகிவிட்டது, ராப் என்றால் பட்ட வலி இருக்க வேண்டும் என்பான்.

“சட்டியில இருந்தாத்தான்டா அகப்பையில வரும். உங்க வீட்டுல யாரும் குடிக்கலையா?” என்று ஒருநாள் கேட்டான்.

குடிக்கவில்லை. அதுதான் அன்றைக்கு என் சங்கடம். என் அப்பா சம்சு சாராயப் போத்தலைக் கையால் தொட்டவரில்லை. நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பத்தொன்பது வருடமாகக் கரகம் தூக்கியவர். காப்புக் கட்டிவிட்டால் வீட்டுப்பக்கமே வரமாட்டார், கோயிலிலேயே படுத்துக்கொள்வார். சாதாரண நாளில் வெற்றிலைகூடப் போடமாட்டார். இப்படி ஓர் அப்பாவை வைத்துக்கொண்டு நான் எப்படி முன்னேறுவது என்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் வந்தது நிஜம்.

அப்போதுதான் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அம்மாவின் இடது கை முழங்கையில் கோணியிருக்கும், நீட்டினால் நேராக வராது. எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பாவின் மோட்டார் சைக்கிளை லைசென்ஸ் இல்லாமல் எடுத்து, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, பசார் கடைத்தெருவுக்குப் பறந்தேன். மெதுவாகப் போடா என்று அம்மா சொன்னதற்காகவே இன்னும் வேகம் கூட்டினேன். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வளைவில் மோட்டார் மணலில் சறுக்கிவிட்டது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அம்மாவுக்குக் கை மூன்று துண்டு. ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, மோட்டாரை ஓட்டியது தான்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் போனபின் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார், அவ்வளவுதான். உண்மை எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அந்தக் கையை எடுத்துத்தான் பாட்டில் வைத்தேன்.

*எங்கம்மா கை வளைஞ்சது யாரால?*
*சம்சு போத்தல் தூக்குன அந்த ஆளால!*

ஜெயபாலன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இது நிஜமாக நடந்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. குடியை ஒழிக்கும் கூட்டங்களில் போட்டார்கள், கல்யாண வீடுகளில்கூடப் போட்டார்கள். பேட்டிகளில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பார்த்து எதிரே இருப்பவர்கள் கண் கலங்குவார்கள். அப்பாவிடம் மட்டும் தொலைபேசியில் ஒருமுறை, அது பாட்டுக்காகச் செய்த கற்பனை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். சரிப்பா, பசியாறிட்டியா என்று கேட்டார். அதையே நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்பது வருடம் ஓடியது. இப்போது அந்தப் பாட்டின் பேரிலேயே படம் எடுத்திருக்கிறோம். சுவரொட்டியில் என் முகத்துக்குக் கீழே ‘உண்மைக் கதை’ என்று பெரிய எழுத்து. வியாழக்கிழமை வெளியாகிறது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் திருவிழா. கோயில் நிர்வாகத் தலைவர் சதாசிவம் எனக்கு மாலை மரியாதை செய்வதாகச் சொல்லி அழைத்திருந்தார். இப்போது என் மேனேஜராகிவிட்ட ஜெயபாலன் கேமராவோடு கிளம்பினான். பாட்டு வந்ததிலிருந்து நான் திருவிழாவுக்குப் போனதில்லை. படப்பிடிப்பு என்று சாக்குச் சொல்வேன்.

தோட்டத்தை விட்டபின் அவர்கள் குடிவந்த தாமான் குடியிருப்பு வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். வளைந்த கையால் பூசணிக்காயை அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா காப்புக் கட்டிக் கோயிலில் இருப்பார் என்று நினைத்து, எத்தனை நாளாக விரதம் என்று கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“உங்கப்பா கரகம் தூக்கி எட்டு வருஷமாச்சு.”

பிறகு நிதானமாகச் சொன்னார். தோட்டத்தை விற்றபின் பழைய ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். டவுன் ஆட்களைக் கொண்டு புதிய நிர்வாகம் வந்தது. அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது, பாட்டைத் தெரியும். ஒருநாள் நாலு பேர் வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் கேட்டார்கள். சாமி காரியம், குடித்துப் பெண்டாட்டியை அடித்த கைக்குக் காப்புக் கட்ட முடியாது, பாட்டில் வருவது நிஜமா என்றார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். நிஜம்தான், அந்தக் காலத்தில் குடித்தேன் என்றார்.

“நானும் வாய மூடிக்கிட்டேன்,” என்றார் அம்மா. “பாக்குறவங்க எல்லாம் மொத என் கையத்தான் பாக்குறாங்க. கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. நானும் கூட நின்னு அழுவணும். நீ அப்படி எழுதி வச்சிருக்க.”

பூசணி விதைகள் தரையில் சிதறியிருந்தன. அவற்றைப் பொறுக்குவதுபோல் குனிந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோயிலுக்குப் போனேன். வாசலில் நின்றவர்கள் என்னோடு படம் எடுக்கச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களிடமிருந்து கழன்று பின்பக்கம் போனால், சமையல் கொட்டகையில் அப்பா சோற்றுக் குண்டானுக்குள் தலையை விட்டு அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை கரி. ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். சுரண்டும் சத்தத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“பொய்னு நான் சொன்னா, யாருப்பா பொய்யன்?” என்றார். “அப்பதான் உனக்குப் பேரு வர ஆரம்பிச்சிச்சு. கரகம் யாரு வேணும்னாலும் தூக்கலாம்லா.”

மறுபடியும் சுரண்டத் தொடங்கினார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். மேடை ஏறி உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் வியாழக்கிழமை படம் படுத்துவிடும், என் பிழைப்பும் அதோடு போகும். போகட்டும். அப்பா தலையில் கரகம் திரும்ப ஏறினால் போதும்.

ஆறு மணிக்குக் கரகம் புறப்பட வேண்டும். ஐந்து மணிக்கே பந்தல் நிரம்பிவிட்டது. சதாசிவம் ஆளுயர மாலையைப் போட்டு, குடிகார வீட்டில் பிறந்தும் குன்றில் ஏறிய விளக்கு என்று என்னைப் புகழ்ந்தார். முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோட்டத்துப் பழைய ஆள் என்று மிஞ்சியிருந்த பேச்சியம்மாள். நான் மைக்கை வாங்கினேன்.

“அந்தப் பாட்டு பொய்,” என்றேன். “எங்கப்பா குடிச்சதே இல்ல. எங்கம்மா கைய ஒடச்சது நான்தான். பதினஞ்சு வயசுல மோட்டார்ல கொண்டுபோய் விழுத்தாட்டினேன். அப்பா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாரு.”

சொல்லும்போதே ஒன்று உறைத்தது. ‘எனக்காக’ என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. படத்தில் அழும் காட்சியில் எப்படி உடையுமோ, அதே மாதிரி, அதே அளவு. கண்ணீரும் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. ஒன்பது வருடமாகப் பொய்யைச் சொல்லிப் பழகிய குரல் அது. உண்மையைச் சொல்ல என்னிடம் வேறு குரல் இல்லை.

பந்தலில் யாரோ கை தட்டினார்கள். தொடர்ந்து எல்லாரும் தட்டினார்கள். சதாசிவம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கினார்.

“பெத்தவரு மானத்தக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க,” என்றார். “வீரமுத்து செஞ்ச பாவத்துக்கு இப்படி ஒரு புள்ள கெடச்சிருக்கு.”

இல்லை, நான் சொல்வது சத்தியம் என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பேச்சியம்மாள் எழுந்து, அந்த மனுசன் குடிக்காதவர் என்று ஏதோ சொல்ல வந்தார். அவருடைய குரல் கைத்தட்டலில் அமுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்கள். ஜெயபாலன் கேமராவுக்குப் பின்னால் இருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பெண்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

பாட்டு, பாட்டு என்று குரல்கள் எழுந்தன. ஒலிபெருக்கிக்காரர் காத்திருந்ததுபோல் இசையைப் போட்டுவிட்டார். என் நிகழ்ச்சிகளில் இதற்கு ஒரு முறை உண்டு. கேள்வியைக் கூட்டம் பாடும், பதிலை நான் விரலை நீட்டிப் பாட வேண்டும்.

*எங்கம்மா கை வளைஞ்சது யாரால?* என்று பந்தலே சேர்ந்து பாடியது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தாளம் மட்டும் தனியே ஓடியது. கூட்டம் மறுபடியும் கேட்டது. நான் அசையவில்லை. முகங்கள் மாற ஆரம்பித்தன. ஒரு மூலையில் சிரிப்புக்கூடக் கேட்டது, வரி மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது முறை கேட்டார்கள்.

*சம்சு போத்தல் தூக்குன அந்த ஆளால!*

பதில் கொட்டகைப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் பாடி நான் கேட்டதில்லை. தாளம் தப்பாமல் பாடினார். கரி படிந்த விரலைத் தன் நெஞ்சுக்கே நீட்டியிருந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்து ஆரவாரம் செய்தது. திருந்திய மனிதன் என்று சதாசிவம் தலையை ஆட்டினார். அப்பா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மேடையில் நான் அவமானப்பட்டு நிற்பதை மட்டும்தான் பார்த்தார். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் போனபின் என்னைப் பார்த்துத் தலையசைத்தாரே, அதே மாதிரி தலையசைத்தார். பாடு என்று கையைக் காட்டினார்.

உள்ளே மணி அடித்தது. கரகத்தை யாரோ ஓர் இளைஞனின் தலையில் ஏற்றினார்கள்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். மிச்சப் பாட்டையும் பாடி முடித்தேன்.