நீலக் கோட்டில் தரானே

இரண்டாவது கோலும் செல்லாது என்று நடுவர் கையைத் தூக்கியபோது தரானேவுக்குத் தன் மட்டையைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது. அடித்தது என்னவோ அருமையான கோல். ஆனால் ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஓடும் கறுப்பு வில்லை நீலக் கோட்டைத் தாண்டும் முன்பே அவள் தாண்டியிருந்தாள். ஆஃப்சைடு. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை.

"அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியுதா, இல்ல கண்ணாடி வாங்கித் தரட்டுமா?" என்றாள் அவளோடு முன்வரிசையில் ஆடும் நெகின்.

"நல்லாத் தெரியுதுடி. கால்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அது பொய்யில்லை. டெஹ்ரான் பூங்காக்களில் சக்கரச் சப்பாத்து மாட்டி ஹாக்கி ஆடிய பெண்களைத் திரட்டி உருவாக்கிய அணி அது. கடைகள் திறக்கும் முன் மாலின் ஐஸ் தளத்தில் விழுந்து, இடுப்பெல்லாம் கன்றிப்போய், இரண்டே வருடத்தில் ஆசியப் போட்டியின் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். முதலில் இவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் சக்கர ஹாக்கியில் ஆஃப்சைடு என்ற தொல்லையே கிடையாது. முன்னால் ஓடிப் போய் நின்றால் போதும், வில்லை தேடி வரும். பதினோரு வருடம் அப்படி ஓடிய கால்களை ஒரு கோட்டுக்காக நிறுத்து என்றால் அவை எங்கே நிற்கும்?

"உக்காரு," என்றார் பயிற்சியாளர் ஹெங்காமே. பாரசீக வழக்கப்படி பெண்கள் அவரை மரியாதையாக 'கானும்' என்று கூப்பிட்டார்கள்.

தரானே உட்கார்ந்தாள். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. சமனில் முடிந்தால் ஆளுக்கொரு தனி அடி. அதில் எதிரணியின் கோல் காக்கும் கோல்காரி கில்லாடி, இந்தப் போட்டியில் ஒன்றைக்கூட விட்டதில்லை. தோற்றால் ஊரில் எல்லோரும் அந்த இரண்டு செல்லாத கோல்களைத்தான் பேசுவார்கள். 

ஒரு நிமிடம் மிச்சமிருந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. "கானும், என்னை அனுப்புங்க."

"எதுக்கு? மூணாவது தடவை விசில் ஊத வைக்கவா?"

"இந்தத் தடவை நிப்பேன்."

கானும் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விருந்துக்குப் போனா வாசல்ல என்ன செய்வ?"

"இதென்ன கேள்வி? 'நீங்க முதல்ல போங்க'ம்பேன்."

"அவங்க?"

"'நீ முதல்ல'ம்பாங்க. சோறு ஆறிப்போற வரைக்கும் நடக்கும்."

"அந்த மரியாதையை வில்லைக்கும் கொஞ்சம் காட்டேன்டி. அது முதல்ல உள்ள போகட்டும். கெளம்பு."

தடுப்பைத் தாண்டிக் குதித்தாள். நடுத்தளத்தில் நெகினிடம் வில்லை சிக்கியது. இன்னும் பத்து விநாடிதான். தரானே வலது ஓரமாகப் பாய்ந்தாள். கால்கள் பழைய பாட்டையே பாடின: ஓடு, ஓடு, முன்னால் போய் நில். எதிரே இரண்டு சிவப்புச் சட்டைக்காரிகள் காவலுக்கு நின்றார்கள். ஒன்பதாம் எண் சட்டையில் தரானே பாய்வதைப் பார்த்ததும் ஒருத்தி நிமிர்ந்து கோட்டு நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொருத்தி சிரித்தே விட்டாள், மட்டையைக்கூடத் தூக்கிவிட்டாள். மூன்றாவது விசிலுக்குத்தான் காத்திருந்தார்கள்.

தரானே இரண்டு பிளேடுகளையும் குறுக்கே திருப்பி அழுத்தினாள். ஐஸ் தூள் முழங்கால் வரை சீறியது. இடது கால் கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. வலது கால் கோட்டின்மேலேயே நின்றது. இரண்டு காலும் தாண்டினால்தான் ஆஃப்சைடு. உடம்பு முழுக்க முன்னால் சாய, கீழே விழாமல் மட்டையை ஊன்றிப் பல்லைக் கடித்தாள். நீ முதல்ல, நீ முதல்ல.

விசில் வரவில்லை.

நெகின் அவளைத் தாண்டிக் கோட்டுக்குள் நுழைந்தாள். சிவப்புச் சட்டைக்காரிகள் இருவரும் இன்னும் நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நெகின் காலை உலாவுக்குப் போகிறவளைப் போலப் போனாள். கோல்காரிக்கு விஷயம் புரிந்தபோது வில்லை அவள் தோளுக்கு மேலே வலையில் கிடந்தது.

இரண்டு சிவப்புச் சட்டைக்காரிகளும் கையை விரித்துக் கத்தினார்கள். கோட்டு நடுவர் அவர்களைவிட அகலமாகத் தன் கைகளை விரித்தார். ஆஃப்சைடு இல்லை. கோல்.

கடிகாரத்தில் மிச்சமிருந்த இரண்டு விநாடியை யார் மதித்தார்கள்! மொத்த அணியும் நெகின்மேல் விழுந்து புரண்டது. ஹெங்காமே கானும் நாற்காலிமேல் ஏறி நின்று அழுதார். எல்லோரும் எழுந்த பிறகுதான் ஓர் ஆள் குறைவது நெகினுக்குத் தெரிந்தது. தரானே இன்னும் நீலக் கோட்டிலேயே, கால்களை அகட்டிக்கொண்டு, அசையாமல் நின்றிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"வாயேன்டி. ஃபைனலுக்குப் போறோம். அங்கயே ஏன் நிக்கிற?"

"இரு," என்றாள் தரானே, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலை எடுத்தா நடுவர் மனசு மாறிடுவாரோன்னு பயமா இருக்கு."