பெட்ரோல் பங்க்கில் கீரை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு பெட்ரோல் பங்க்கின் கடை வாசலில் மூன்று பெட்டி காய்கறி வந்து இறங்கியது. லாரிக்காரர் பெட்டிகளைப் பார்த்தார், பங்க்கின் போர்டைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டை மறுபடியும் பார்த்தார். "இங்கதானா?" என்று கேட்டார். "இங்கேயேதான், உள்ள கொண்டாங்க" என்ற காய்க்காரருக்கு வாயெல்லாம் பல். கல்யாணப் போட்டோவில்கூட மனுஷன் இப்படிச் சிரித்ததில்லை.

காய்க்காரர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய கடையில் பதினைந்து வருஷம் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். தக்காளியைத் தொடாமலே எது நாளைக்குத் தாங்கும், எது இன்றைக்கே போய்விடும் என்று சொல்லக்கூடியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடையின் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி மூடிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் செல்போன் கவர் வாங்க ஏழு கடை உண்டு. ஒரு கத்தரிக்காய் வாங்க வழியில்லை. பசித்தால் ரொட்டிப் பாக்கெட், பிஸ்கட், சுடுதண்ணீர் ஊற்றினால் தயாராகிற நூடுல்ஸ். அதெல்லாம் பங்க்கை ஒட்டியிருக்கும் கடையிலேயே கிடைக்கும். அந்தக் கடையில்தான் காய்க்காரர் இப்போது கவுண்டரில் நிற்கிறார். காய் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

அவருடைய மனைவிக்குச் சர்க்கரை. இடது காலில் கட்டை விரலுக்குக் கீழே ஒரு புண், நான்கு மாதமாக ஆறாமல் இருக்கிறது. போன தடவை டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அதையும் ஏதோ நகம் வெட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா வாசல் வரை வந்து, "மாத்திரை மட்டும் போதாதுக்கா, பச்சைக் காய் நிறைய சாப்பிடணும், கீரை தினமும் இருந்தா ரொம்ப நல்லது" என்றாள். தினமும் கீரைக்கு எங்கே போவது? அடுத்த ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, போய் வருவார். பஸ்காரர் ஆளுக்கு இரண்டு பைக்கு மேல் ஏற்ற விடமாட்டார். கொண்டுவந்த கீரை புதன்கிழமைக்குள் மஞ்சளடித்துவிடும், காய் வியாழனோடு தீரும். பிறகு ஞாயிறு வரை ரொட்டிதான். ரத்தம் குத்திப் பார்க்கும் அந்தச் சின்ன மிஷினுக்குக்கூட வாரத்தின் எந்தக் கிழமை என்று தெரியும், வெள்ளி சனியில் எகிறி நிற்கும்.

அதனால்தான் அவர் மேனேஜர் பெண்ணை மூன்று மாதம் நச்சரித்தார். அவள் அவரைவிட இருபது வயது சின்னவள், "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். தலைமை அலுவலகத்தில் பேசிப் பேசி ஒரு வாரத்துக்கு அனுமதி வாங்கிவிட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள மூணு பெட்டியும் வித்துடணும்ணே. வித்தா வாராவாரம் லோடு வரும். விக்கலைன்னா அந்த மூலையில கூல்டிரிங்ஸ் கம்பெனி ஃப்ரிட்ஜ் வைக்கப்போறாங்க. அவங்க பேப்பரெல்லாம் ரெடியா வச்சிருக்காங்க. அப்புறம் என்னைக் கேட்டா நான் என்ன செய்வேன்?"

"ரெண்டே நாள்ல காலியாகும், பாரும்மா" என்றார் அவர். பார்த்தவர்களெல்லாம் கேட்டிருக்கிறார்களே, 'காய்க்காரரே, எங்கேயாவது காய் கிடைக்குமா' என்று. ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

என்ஜின் ஆயில் அடுக்குக்கும் காபி மிஷினுக்கும் நடுவில் இருந்த மூலையில் அவர் காயை அடுக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே. தக்காளியின் காம்பெல்லாம் ஒரே பக்கம். பீன்ஸ் ஒரே நீளத்துக்கு. முன்வரிசையில் பச்சைப் பசேலென்று கீரைக் கட்டுகள். முதல் கட்டை அவரே வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போக மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் தக்காளியைக் கையில் எடுத்து முகர்ந்தே பார்த்தார்.

"பெட்ரோல் வாடை அடிக்குதே."

"அது உங்க கையிலேர்ந்து வர்ற வாடைண்ணே. இப்பத்தானே டேங்க் மூடியைத் திறந்தீங்க."

"இருக்கலாம். எதுக்கு வம்பு?" என்று திருப்பி வைத்துவிட்டார். வைத்ததும் தலைகீழாக வைத்தார். காய்க்காரர் அதை நேராக்கினார்.

ஒரு பெண் புதன்கிழமை வந்து கீரைக் கட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷமாக வீட்டில் கத்தி எடுத்துக் காய் நறுக்கவில்லை என்றாள். "பசங்க இப்ப இதெல்லாம் தொடவே மாட்டேங்குதுங்க. வாங்கிட்டுப் போய் குப்பையில போடவா?" என்றாள். காய் இல்லாத ஊருக்குக் காயைக் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தது தன் அறியாமை என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது.

சரி, மெதுவாகப் பழகுவார்கள், அதுவரை காய் வாடாமல் இருந்தால் போதும். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அரை மணிக்கு ஒரு தரம் தெளிப்பார். கவுண்டரில் ஆள் நின்றாலும் "ஒரு நிமிஷம்" என்று ஓடிப் போய்த் தெளித்துவிட்டு வருவார். பெரிய கடையில் பதினைந்து வருஷம் செய்த வேலை, கை தானாகப் போகும். தெளித்ததும் கீரை பளபளவென்று நிமிரும். மேனேஜர் பெண்கூட, "பெத்த பிள்ளையைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டாங்கண்ணே" என்று சிரித்தாள்.

வீட்டில் மனைவி தினமும் கேட்டாள். "விக்குதாங்க?" "விக்குது, விக்குது" என்று மென்று முழுங்கினார். வியாழக்கிழமை காலை அவள் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு மிஷினை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இறங்கியிருந்தது. பல மாதத்தில் வியாழக்கிழமை அவ்வளவு இறங்கி அவர் பார்த்ததில்லை. "ரெண்டு நாள் கீரைக்கே இப்படின்னா பார்த்துக்குங்க" என்றாள். அவர் மிஷினை வாங்கித் திரும்பவும் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கீரைக் கட்டை எடுத்தபோது விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பச்சை, உள்ளே கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. அடுத்த கட்டும் அப்படித்தான். பீன்ஸின் அடி வரிசை வழுக்கியது. தக்காளிக்குக் கீழே தண்ணீர் கட்டி நின்றது. பெரிய கடையில் காய்த்தட்டுக்கு அடியிலிருந்து இருபத்திநாலு மணி நேரமும் குளிர்காற்று வந்துகொண்டிருக்கும். அந்தக் குளிருக்குத்தான் தண்ணீர். இங்கே அடியில் குளிரும் இல்லை, பக்கத்தில் காபி மிஷின் வேறு அனலாய்க் கொதிக்கிறது. சும்மா விட்டிருந்தால் வாடியாவது கிடந்திருக்கும். அரை மணிக்கு ஒரு தரம் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தது அவர்தான். காயைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நல்லதாகத் தெரிந்ததையெல்லாம் துடைத்து மேலே அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி அன்றைக்குச் சாயங்காலம் வெகு உற்சாகமாக இருந்தாள். "நாளைக்குப் பாருங்க" என்றாள். என்ன என்று கேட்டதற்கு, "பாருங்கன்னா பாருங்க" என்று சிரித்தாள். தன் முகவாட்டத்தைப் பார்த்துத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் மேலே கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே துடைத்து வைத்ததும் போயிருந்தது. ஆறரைக்கு வந்த மேனேஜர் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திட்டவில்லை. "ஜனங்க வர்றதுக்குள்ள எடுத்துடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். மூன்று பெட்டியையும் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் அவரே கவிழ்த்தார். மூலையை மூன்று தரம் துடைத்தார். வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லலாம் என்று எடுத்தார். என்ன சொல்வது என்று வைத்துவிட்டார். காய் போன செய்தி தலைமை அலுவலகத்துக்குப் போனதும், ஒன்பது மணிக்கெல்லாம் கூல்டிரிங்ஸ் கம்பெனி ஆட்கள் ஃப்ரிட்ஜை இறக்கி, மூலையில் நிறுத்தி, பிளக்கைச் சொருகிவிட்டார்கள். சொல்லிவைத்தாற்போல அந்த இடத்துக்கு அளவு சரியாக இருந்தது.

பத்து மணி இருக்கும். கண்ணாடிக்கு வெளியே, பெட்ரோல் போட நின்ற வண்டிகளுக்கு நடுவே ஒரு கூட்டம் நடந்து வந்தது. பதினாலு பதினைந்து பெண்கள் இருப்பார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் துணிப்பை. கூட்டம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று பார்த்தார். முன்னால் நடந்தவளின் இடது காலில் வெள்ளைக் கட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. அந்தக் காலோடு அவர்கள் தெருவிலிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம் ஆகும்.

கதவு திறந்தது. "நேத்து வீடு வீடாப் போய்ச் சொன்னேங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நம்ப மாட்டேன்னாங்க. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். எங்க வச்சிருக்கீங்க?"

அவளாகவே மூலையைத் திரும்பிப் பார்த்தாள். புது ஃப்ரிட்ஜுக்குள் வரிசை வரிசையாகப் பாட்டில்கள், விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தன.

மேனேஜர் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு வழியாக அவள் குரல் கேட்டது: "சார், இப்ப வந்து பாருங்க சார், பதினைஞ்சு பேர் நிக்கிறாங்க சார்." வெளியே வந்தவள் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

பெண்கள் மூலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒருத்தி மட்டும், "இவ்ளோ தூரம் வந்தாச்சு" என்று சொல்லி ரொட்டி இருந்த பக்கம் போனாள். மற்றவர்களும் போனார்கள். ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், படத்தில் மட்டும் பழம் போட்ட ஜூஸ் பாட்டில். ஒவ்வொருத்தராகக் கவுண்டருக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலை படிக்கும் கை மிஷினைக் காட்டினார், அது ஒவ்வொரு தரமும் கீச்சென்றது. எல்லோரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டார், தலையை நிமிர்த்தாமல்.

கடைசியில் ஒரு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்றில் செருப்பு, ஒன்றில் கட்டு. கட்டின் ஓரத்தில் நடந்த நடையில் சிவப்பு கசிந்திருந்தது. கவுண்டரின் மேல் ஒரு சாமானும் இல்லை. மிஷினைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பதினாலு பேரிடம் கேட்ட வாய் பதினைந்தாவது தரமும் தானாகக் கேட்டுவிட்டது.

"பை வேணுமா?"

"இருக்குங்க" என்றாள் அவள். மடித்து வைத்திருந்த பையைப் பிரித்து, இரண்டு கையாலும் வாயை அகலமாகத் திறந்து அவருக்குக் காட்டினாள்.