பனியில் சாகாத குதிரைகள்

நவம்பர் பதினான்காம் தேதி விடியற்காலையில், மெர்கே மலையடிவாரத்தில் குதிரை வளர்த்து வந்த கெங்கெஸ் இறந்தார். முந்தைய நாள்தான் தலைநகரத்தின் மேல் நீதிமன்றம் அவருடைய வரி வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியிருந்தது.

முற்றத்தில் ஆண்கள் உடலை வைப்பதற்கான கம்பளிக் கூடாரத்தை எழுப்பிக்கொண்டிருக்க, மகள் அக்போபே தொழுவத்தின் பின்னால் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த நேரத்துல பேசறது தப்புதான்," என்றான் வக்கீல் தானியார். குரலில் துக்கத்தைவிடப் பரபரப்பே அதிகம். "ஆனா உத்தரவ முழுசாப் படிச்சிட்டேன். பழைய தீர்ப்பு மொத்தமும் ரத்து. முதல்லேர்ந்து வாதாடலாம். போன தடவ சொல்லாததையும் சொல்லலாம். வாரிசா நீங்கதான் நடத்தணும்."

"குதிரைங்க விஷயத்தையுமா?"

"அதத்தான் சொல்றேன்! பனியில செத்துச்சுன்ற கதையே வேணாம். ஆனா அப்பாகிட்ட சும்மா வாங்கிக்கிட்டவங்க வந்து சொல்லணும். பேரு குடுங்க."

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

மந்தையில் குறைந்த ஐந்து குதிரைகளை கெங்கெஸ் விற்றுவிட்டு வரி கட்டவில்லை என்று வரி அலுவலகம் சொன்னது. அவர் விற்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குதிரை அறுத்துச் சாப்பாடு போட்டாக வேண்டும். வக்கில்லாத வீடு என்றால் கெங்கெஸ் ஒன்றை ஓட்டிப்போய்க் கட்டிவிட்டு வந்துவிடுவார். நீதிமன்றத்தில் அதைச் சொல்ல மறுத்தார். பனியில் செத்தன என்றார். கால்நடை மருத்துவரின் சான்று கேட்டார்கள், இல்லை. தோற்றார். யாரிடம் விற்றார் என்று வரி அலுவலகமும் காட்டவில்லையே என்றுதான் மேல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

நேற்று மாலை அக்போபே அந்தச் செய்தியைச் சொன்னபோது, படுக்கையில் மூச்சுத்திணறலுக்கு நடுவே சிரித்தார். "திருப்பி அனுப்பிட்டானா! அப்படிப் போடு!"

"இந்தத் தடவ உண்மையச் சொல்லிடலாம்ப்பா."

சிரிப்பு நின்றது. "கொடுத்தத ஊர் முன்னால சொல்லிக்காட்டணுமா? அவங்க மூஞ்சிய எங்க வச்சுப்பாங்க?"

"ஐயோ, என் உடன்பிறப்பே!"

சாவு வீட்டு வழக்கப்படி வாசலிலிருந்தே கதறிக்கொண்டு முற்றத்துக்குள் ஓடிவந்தார் ஊர்க்காரர் சபெத்பெக். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் செம்பழுப்புப் பெண்குதிரை.

"எங்கம்மா செத்தப்ப உங்கப்பா கொண்டாந்தது இன்னும் வெளுப்பு," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதே நிறத்துல தேடினேன், கிடைக்கல. மனுஷன் இருந்திருந்தா கிண்டல் பண்ணியிருப்பாரு."

அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொரு குதிரை. பிறகு ஒரு லாரி வந்து பின்பலகையை இறக்கியது. நண்பகலுக்குள் நான்கு குதிரைகள் கட்டுத்தறியில் நின்றன. துக்க வீட்டில் தன் நெஞ்சு இப்படித் துள்ளுவது அக்போபேக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் ஐந்தாவது குதிரையைப் பெற்றவன் வெறுங்கையோடு வந்து, யாரையும் பார்க்காமல் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்... இல்ல, வேணாம்."

"கோர்ட்டா?" என்றார் சபெத்பெக். "எங்கள ஏன் கண்ணு கூப்பிடல?"

"சொல்லக்கூடாதுன்னாரு அப்பா."

"கொடுத்தவரு சொல்லக்கூடாது. வாங்கினவன் சொல்லலாம்ல? உங்கப்பா பனியில செத்துச்சுன்னு கோர்ட்ல சொன்னதுலேர்ந்து எம்பொண்டாட்டி கேக்கறா, நாம ஊருக்கு ஆக்கிப் போட்டது செத்த குதிரையான்னு!"

அக்போபே முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் தராஸ் நகர நீதிமன்றத்தில், குதிரை கொண்டுவந்த நால்வரும் சாட்சி சொன்னார்கள். முன்பு எழுப்பாத வாதத்தை இப்போது எழுப்பக் கூடாது என்று வரி அலுவலகம் ஆட்சேபித்தது. வழக்கு முழுவதுமாகத் திரும்பி வந்திருக்கிறது, எழுப்பலாம் என்றார் நீதிபதி. பிறகு, ஐந்தாவது குதிரை யாரிடம் போனது என்று கேட்டார்.

தானியார் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"பனியில செத்துச்சு," என்றாள் அக்போபே.

நான்கு குதிரைகளுக்கான வரி ரத்தானது. ஐந்தாவதற்கு உறுதியானது. அன்று மாலையே கட்டினாள்.