சிவப்புக் குவியல்

ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. அன்வர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டான். தொப்பி கையில்தான் இருந்தது. வைக்கவில்லை. போகவும் இல்லை.

"இன்னுமா கெளம்பல?" என்றாள் அவன் மனைவி ரமீஸா.

"எங் கடையிலேருந்து என்னையவே வெரட்டுற."

"வெரசாப் போங்க மச்சான். நான் முடிக்குமுன்ன நீங்க வந்துட்டா எஞ் சோலி கெட்டுச்சு."

"படத்தத் துண்டு துண்டா வெட்டுறதும் அந்தப் போட்டிக்காரவுக. திரும்பச் சேக்கச் சொல்றதும் அவுக. வெட்டாமலே குடுத்திருந்தா இந்தப் பாடே இல்லையே."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று வாசலைக் காட்டினாள். அவன் போனான். வெளியிலிருந்து ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

அது ஏலக்காய்க் கிடங்கு. மலையிலிருந்து வரும் காயைப் பெண்கள் நீள மேசையில் கொட்டிப் பொறுக்குவார்கள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்கு வேலை நிற்கும். பெண்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டு இரண்டு மணிக்குத் திரும்புவார்கள். ஊர் முழுக்கப் பார்த்துவிட்டாள் ரமீஸா. ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் இதுதான்.

வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை. கதவைச் சாத்தினால் தட்டுவார்கள். திறந்தால், "என்ன செய்யிறே?" என்பார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இருக்காது. மாமி ருக்கையா தட்டுவாள், சிலிண்டர்காரன் தட்டுவான், நாத்தனார் போனில் முகம் காட்டுவாள். படம் சேர்த்துப் பழகிப் பார்த்தபோதெல்லாம் பாதியில் எழுந்தவள்தான். எழாமல் முடித்த நாட்களில் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒருமுறைகூட ஒரு மணி நேரத்துக்கு உள்ளே வந்ததில்லை.

இன்று உள்ளே வந்தாக வேண்டும். வெட்டிய படத்தைச் சேர்க்கும் ஜிக்சா புதிருக்குப் பெங்களூரில் நடக்கும் இறுதிப் போட்டிக்குத் தேர்வாக அதுதான் விதி. நடத்துகிறவர்கள் அனுப்பிய பெட்டியின் முத்திரையைக் கேமராவுக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும். ஐந்நூறு துண்டுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வேறு யாருடைய கையும் படக்கூடாது. வெட்டாத வீடியோவை அனுப்ப வேண்டும். பெட்டி ஒன்றுதான், வாய்ப்பும் ஒன்றுதான். கடைசி நாள் இன்று, மாலை ஆறு மணி.

போட்டிக்காக மட்டும் அவள் இதைத் தொடங்கவில்லை. அவள் வைக்கும் குழம்பை மாமி ஒருநாள் நன்றாக இருக்கிறது என்பாள், மறுநாள் என்னமோ குறைகிறது என்பாள். இரண்டு நாளும் அதே குழம்பு. அன்வரைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவான். எது உண்மை என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. இதில் கடிகாரம் இருந்தது. கடிகாரம் அவள் முகத்தைப் பார்த்து எதையும் சொல்லாது.

"நான் இருக்கலாமா தாயி?"

காய் பொறுக்குகிற கருத்தம்மா மூலையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிலமலைக்காரி. போய்விட்டு வருவதற்கு பஸ் ஒத்துவராது. வெள்ளிக்கிழமையிலும் இங்கேயேதான் சாப்பாடு.

"இருங்கக்கா. பேசக்கூடாது."

"பேசல."

"எந்திரிக்கக்கூடாது."

"தண்ணி குடிக்கலாமா?"

"சத்தமில்லாம."

"தண்ணியில என்னத்தா சத்தம்? முழுங்கவா வேண்டாங்குறீக?"

ரமீஸா போனை விளக்குச் சங்கிலியில் கட்டினாள். அது மேசையை நேர் கீழே பார்த்துத் தொங்கியது. பறக்கும் விமானம் படத்தைத் தொட்டு எல்லா அழைப்பையும் நிறுத்தினாள். அன்வரின் பழைய போனைக் கடிகாரமாக மேசையில் வைத்தாள். மேசைக்கு மூன்று பக்கம் மரச்சட்டம் இருந்தது, காய் உருளாமலிருக்க. நாலாவது பக்கம் திறப்பு. பொறுக்கியதைச் சாக்கில் தள்ளுவதற்கு. அந்தப் பக்கம் தனக்கு வலதாக வரும்படி நின்றாள். உட்காரத் தோன்றவில்லை. காலையிலிருந்தே எதிலும் உட்கார முடியவில்லை.

முத்திரையை உடைத்தாள்.

துறைமுகம். சிவப்புக் கூரை வீடுகள், மஞ்சள் சுவர்கள், படகுகள், அதற்குமேல் ஒன்றுமே இல்லாத நீல வானம். மேகம் ஒன்றுகூட வைக்கவில்லை பாவிகள்.

எல்லாத் துண்டையும் நிமிர்த்தினாள். ஓரத் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள். மீதியை நிறம் நிறமாக ஒதுக்கினாள். மஞ்சள் வலப்பக்கம், அதை அடுத்து நீலம், சிவப்பு எதிரே. கை வேகமாக ஓடியது, மனம் அதைவிட. தொழுகை சீக்கிரம் முடிந்துவிட்டால்? கரண்டு போனால்? போனில் சார்ஜ் பார்த்தோமா? பார்த்தோம். பார்த்தோமா? ஓரம் சேர்ந்து சட்டமானது. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று மனதில் வைத்திருந்தாள். பார்த்தாள். பார்த்ததால் கை ஒருமுறை தவறியது.

படகுகள் எளிது. பெயர் எழுதிய படகு, கயிறு, அதன் நிழல். சுவர்களில் ஜன்னல் இருந்தது, ஜன்னல் வழிகாட்டியது. மூலையில் கருத்தம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளிச்சோற்று வாசம் வந்தது. மூடியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள் என்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

ஷட்டர் அதிர்ந்தது.

"அன்வரண்ணே! லோடு!"

ரமீஸாவின் கையிலிருந்த துண்டு நழுவி மேசையில் விழுந்தது. அதை எடுத்தாள். எங்கே வைக்கப் போனாள் என்பது மறந்துபோயிற்று.

"அண்ணே, வெள்ளனக் கெளம்பிப் போடிமெட்டுலேருந்து வர்றேன்!" ஜீப்புக்காரன் விஜயபாண்டி. மீண்டும் தட்டினான். மேசை அதிர்ந்தது. அவள் பதில் சொல்லப் போனால் நிமிடங்கள் போகும். சொல்லாவிட்டால் தட்டிக்கொண்டே இருப்பான்.

கருத்தம்மா எழுந்தாள். கேட்காமல் எழுந்தாள். பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

"தொழுகைக்குப் போயிருக்காகடா. ரெண்டு மணிக்கு வா."

"உள்ள லைட்டு எரியுதேக்கா."

"எரிஞ்சா ஒனக்கென்ன, கண்ணு கூசுதா?"

"ஒரு நாலு மூடைய மட்டும் எறக்கிட்டு..."

"இன்னொரு தட்டுத் தட்டுனேன்னு வையி, சாக்குத் தைக்கிற ஊசி இருக்கு எங்கிட்ட. டயருல காத்து நிக்காது."

"உள்ள அப்படி என்னதான் நடக்குது?"

"ம். பேறுகாலம்."

ஜீப்பு கிளம்பும் சத்தம் கேட்டது. ரமீஸா வேகத்தைக் கூட்டினாள். முழங்கை வீசி வேலை செய்தாள். கருத்தம்மா திரும்பி வந்து மேசையைக் கடந்து தன் சாக்குக்குப் போனதை அவள் கவனிக்கவில்லை. கூரைகள் ஓடு ஓடாக ஏறின. சிவப்புத் தீர்ந்தது. பிறகு வானம்.

வானத்தில் நிறம் உதவாது. வடிவம்தான். ஒவ்வொரு துண்டாக எடுத்து, பள்ளத்தில் வைத்து, இல்லை என்றால் அடுத்தது. இல்லை, இல்லை, ஆமாம். இல்லை. முதுகு வியர்த்து ரவிக்கை ஒட்டியது. மூக்கில் ஏலக்காய் ஏறி எரிந்தது. இனி வராது என்று ஒருமுறை நினைத்தாள், நினைத்துக்கொண்டே வைத்தாள். பத்துத் துண்டு. ஐந்து. கடைசித் துண்டு தலைகீழாகப் போயிற்று, திருப்பினாள், உட்கார்ந்தது.

கடிகாரத்தைத் தட்டி நிறுத்தினாள். ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பத்தெட்டு வினாடி.

பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் கருத்தம்மா. "இப்பப் பேசலாமா?"

"பேசுங்கக்கா."

"மோரு ஊத்தணும்னு அப்பவே நெனச்சேன். சத்தம் வருமேன்னு வெறுஞ்சோறா முழுங்குனேன்."

ரமீஸா சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கருத்தம்மாவும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். பிறகு மோர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அன்வர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மேசையைச் சுற்றி வந்து படத்தை ஆராய்ந்தான், காய் பார்ப்பதுபோல இடுப்பில் கை வைத்து.

"பன்னெண்டு வினாடி மிச்சம்," என்றாள்.

"அடி ஆத்தி. பெங்களூருக்கு நானும் வர்றேன். பை தூக்க ஆள் வேணும்ல?"

"கடைய யாரு பாக்குறது?"

"கடை கெடக்குது."

அவன் அப்படிச் சொன்னதை அவள் கேட்டதில்லை. போனைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்தான். இருவரும் மூட்டைமேல் நெருங்கி உட்கார்ந்து வீடியோவை வேகமாக ஓடவிட்டார்கள். ஓரம் சட்டமானது. படகுகள் வந்தன. அவளுடைய கைகள் பறந்தன. தன் கைகள் இவ்வளவு அழகாக ஓடும் என்று அவளுக்குத் தெரியாது. ஷட்டர் தட்டும் சத்தமும், ஊசி என்ற சொல்லும் கேட்டன. அன்வர் சிரித்தான்.

அப்போது வலது ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கை வந்து போனது.

அவள் பின்னுக்கு நகர்த்தினாள். மெதுவாக ஓடவிட்டாள். தன் முழங்கை பட்டு ஒரு துண்டு திறப்புப் பக்கமாக நகர்ந்து விளிம்பைத் தாண்டி மறைந்தது. படத்திலிருந்த ரமீஸா அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வளையல் போட்ட கை கீழேயிருந்து ஏறியது. பச்சை குத்திய மணிக்கட்டு. விரல் நுனியில் அந்தத் துண்டு. கை பக்கத்தில் கிடந்த மஞ்சளைத் தாண்டியது, நீலத்தைத் தாண்டியது, சிவப்புக் குவியலில் துண்டை வைத்தது. போயிற்று.

அன்வர் குனிந்து போனை உற்றுப் பார்த்தான்.

கிடங்கில் கீழே விழுந்த காயை யாரும் விட மாட்டார்கள். மிதித்தால் போச்சு. யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் குனிந்து எடுத்து, அது எந்தக் குவியலோ அதில் போட்டுவிட்டு நடப்பார். அதற்கு யாரும் யோசிப்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். சொல்லிக்கொடுப்பவன் அன்வர்.

"கண் சிமிட்டுற நேரம்," என்றான் அவன். "ஐந்நூறு பேரு வீடியோ அனுப்புவான். ஒரு மணி நேரம் முழுசா எவன் உக்காந்து பாக்கப் போறான்?"

"பாக்காட்டி?"

"பாக்காட்டி என்ன? சேத்தது நீ. அந்தக்கா ஒண்ணும் சேக்கலியே. எடுத்து வெச்சாக. எங்க வெச்சாக? நீ பிரிச்ச குவியல்ல."

"நிறம் பாத்து வெச்சிருக்காக மச்சான்."

"பொறுக்குற கை. வேற எப்பிடி வெக்கும்?"

அவள் வீடியோவை மறுபடி பின்னுக்கு இழுத்தாள். கை வந்தது, போனது. மறுபடி. எத்தனை முறை பார்த்தாலும் கை அவசரமில்லாமல் வந்தது.

ஷட்டருக்கு அப்பால் ஜீப்பு வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சூர்யகலா ரமீஸாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள், பிறகு மேசையில் இருந்த துறைமுகத்தைப் பார்த்து, "இதையா இம்புட்டு நேரம்?" என்றாள். விஜயபாண்டி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, "என்னண்ணே, ஆணா பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்வருக்கு எதுவும் புரியவில்லை. மேசை வேண்டும். துறைமுகத்தை ஓர் அட்டைக்கு நகர்த்தி மூட்டைகள்மேல் வைத்தார்கள். புதுக் காய் கொட்டப்பட்டது.

ரமீஸா வீட்டுக்குப் போகவில்லை. மாமி இரண்டு தரம் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. போட்டியின் பக்கத்தைத் திறந்து வீடியோவை ஏற்றினாள். கோடு மெதுவாக நிறைந்தது. கிடங்கில் சிக்னல் நிலைக்கவில்லை. வாசலுக்குப் போனாள், திரும்ப உள்ளே வந்தாள், பக்கக் கதவுக்குப் போனாள். மலைமேல் மேகம் இறங்கி அடிவாரத்து முந்தல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஏறி முடிந்ததும் போன் ஒன்றைக் கேட்டது. வேறு யாருடைய கையும் படவில்லை என்று உறுதி சொல்கிறீர்களா: ஆம், இல்லை. அதைத் தொடாமல் மேலே போக முடியாது.

தேநீர் நேரத்தில் அன்வர் அவளிடம் வந்தான்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"ஆறு மணி வரைக்குந்தான்."

"தெரியும்."

அவன் நின்றான். "நானா இருந்தா அனுப்பிருவேன்," என்றான். பிறகு, "ஆனா நான் இதெல்லாம் செய்யிற ஆளு இல்லியே," என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போனான்.

கருத்தம்மா தேநீர் டம்ளரோடு பக்கக் கதவுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"சூர்யகலா சொன்னா. ஏங் கை விழுந்துருச்சாமே படத்துல."

"ஆமாக்கா."

"காட்டுங்க."

ரமீஸா காட்டினாள். கருத்தம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். கை வந்தது. போனது.

"எடுத்தது எனக்கே நெனப்பில்ல தாயி," என்றாள். "சத்தியமா நெனப்பில்ல. காலுக்குக் கிட்ட கெடந்திருக்கும். எடுத்திருப்பேன்."

"தெரியும்க்கா. ஒங்க மேல ஒண்ணுமில்ல."

"கெடுத்துட்டனா?"

"இல்ல."

கருத்தம்மா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு தரம் ஓடவிடச் சொன்னாள். ஓடியது. இம்முறை அவள் கையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் ரமீஸாவின் முழங்கை படுவதையும், துண்டு விளிம்பில் நின்று சரிவதையும், ரமீஸா தலை தூக்காமல் வேலையைத் தொடர்வதையும் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். டம்ளரில் தேநீர் ஆடை கட்டியிருந்தது.

உள்ளே காயைச் சாக்கில் தள்ளும் சத்தம் கேட்டது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக," என்றாள் கருத்தம்மா. "நான் அந்தப் பக்கம் வராமலே இருந்திருந்தா, அது கீழ கெடக்குறத எப்பத் தாயி பாத்திருப்பீக?"